சல்லம் வோ எண்ணெய்த் துறையும் ரோதைமுனியின் தூரத்து உறவுகளும்

கேள்வி இது: இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்த இளைஞன், வடகடலோர எண்ணெய் ஏற்றுமதித் துறை ஒன்றில் இரவு முறை வேலை பார்ப்பதாக ஒருவர் சிறுகதை எழுதுகிறார். எண்ணெய் எப்படி வந்து எப்படிக் கப்பலேறுகிறது, எங்கே பிசகும், நம் தேயிலை ஸ்டோரின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி என்ற சாமி இருப்பதுபோல அந்த ஊர்க்காரருக்கும் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

முதலில் இடத்தைத் தீர்மானித்துவிடுங்கள். "வடகடலோரத்தில் ஓரிடம்" என்று பொதுவாக எழுதினால் குளிரும் காற்றும் மட்டும்தான் கதைக்குள் வரும். இயந்திரமும் வராது, பேயும் வராது. என் தெரிவு ஷெட்லாந்துத் தீவுகளில் உள்ள சல்லம் வோ. ஸ்கொட்லாந்துப் பெருநிலத்துக்கு வடக்கே, 60 பாகை வட அகலக்கோட்டில் கிடக்கும் தீவுக்கூட்டம். நிலத்துக்குள் நீளமாக நுழையும் கடற்கழியை அங்கே வோ என்கிறார்கள். டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணித்தியாலம்கூட இராது. ஜூனில் நள்ளிரவிலும் வானம் முழுதாக இருட்டாது. மரம் அபூர்வம், சதுப்பு நிலம், புல், செம்மறி ஆடு. உங்கள் பையன் இரவு முறைக்குப் போவது டிசம்பரிலா ஜூனிலா என்பதை முடிவு செய்யாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

1971இல் பிரெண்ட் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எண்ணெயும் நினியன் வயலின் எண்ணெயும் கடலடிக் குழாய்கள் வழியாக வந்து சேர ஒரு துறை வேண்டியிருந்தது. 1975இல் கட்டத் தொடங்கினார்கள். 1978 நவம்பரில் முதல் எண்ணெய் வந்தது. 1981 மே 9ஆம் திகதி எலிசபெத் மகாராணி வந்து திறந்துவைத்தார். கட்டுமானம் உச்சத்தில் இருந்தபோது ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். ஃபர்த், டொஃப்ட் என்ற இரண்டு இடங்களில் முகாம் போட்டும் இடம் போதாமல், நியூசிலாந்திலிருந்து வந்த ரங்கதிரா என்ற பயணிகள் கப்பலைக் கரையில் கட்டி அதிலும் ஆட்களைத் தங்கவைத்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்த பையனுக்கு இந்தப் பழைய கதையை ஒரு மூத்த தொழிலாளி சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

இன்னொன்றும் அவன் காதில் விழட்டும். எண்ணெய் வருமுன்பே ஷெட்லாந்து உள்ளூராட்சி மன்றம் பாராளுமன்றத்தில் 1974இல் தனிச் சட்டம் ஒன்றை வாங்கிக்கொண்டது. துறைமுக அதிகாரம் மன்றத்தின் கைக்கு வந்தது. ஊருக்கு உண்டாகும் தொந்தரவுக்கு ஈடாகக் கம்பனிகள் பணம் கட்டின. அது நம்பிக்கை நிதியாகி முதியோர் இல்லமாகவும் விளையாட்டரங்காகவும் மாறியது. நம் பக்கத்தில் நூற்றைம்பது வருஷம் தேயிலை கப்பலேறிய பிறகும், 2018இல் சட்டத்தைத் திருத்தும்வரை பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்கவே வழியில்லாமல் இருந்தது. தொலைபேசியில் இதைக் கேட்கும் அப்பா என்ன சொல்வார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கிணற்றிலிருந்து வரும் மசகெண்ணெய் அப்படியே கப்பலேற்றத் தக்கதல்ல. அதற்குள் வாயுவும் தண்ணீரும் கலந்திருக்கும். அமுக்கம் குறைந்தால் வாயு பொங்கி வெளியேறும். தொட்டியில் அப்படிப் பொங்கினால் ஆபத்து. ஆகவே கரையில் அதைச் சூடாக்கி, படிப்படியாக அமுக்கத்தை இறக்கி, வாயுவையும் தண்ணீரையும் பிரிக்கிறார்கள். பிரிந்த வாயுவிலிருந்து புரொப்பேனும் பியூட்டேனும் கிடைக்கும், மீதி எரிபொருளாகும். அவசரத்தில் தள்ள வேண்டிய வாயு உயரமான குழாயின் நுனியில் எரியும். மேகம் தாழ்ந்த இரவில் அந்தச் சுவாலையின் வெளிச்சம் மேகத்தில் பட்டு வெகுதூரம் தெரியும்.

அடங்கிய எண்ணெய் தாங்கிகளுக்குப் போகிறது. சல்லம் வோவுக்கென்று கட்டிய பெரிய தாங்கிகள் 16. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறு லட்சம் பீப்பாய் கொள்ளும். ஒரு பீப்பாய் 159 லீற்றர். கணக்குப் போட்டால் ஒரே தாங்கியை நிரப்ப 33,000 லீற்றர் பவுசர் லொறிகள் ஏறத்தாழ 2,900 வேண்டும். இந்தத் தாங்கிகளுக்கு நிலையான கூரை இல்லை. இரும்புக் கூரை எண்ணெயின் மேலேயே மிதக்கும். எண்ணெய் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். எண்ணெய்க்கும் கூரைக்கும் நடுவே ஆவி சேர இடம் கிடைக்காது என்பதுதான் இதன் பயன். கூரையின் விளிம்பில் ரப்பர் அடைப்பு இருக்கும்; அது தேய்ந்தால் ஆவி கசியும், மின்னல் விழுந்தால் தீப்பிடிப்பதும் பெரும்பாலும் அந்த விளிம்பில்தான். மழைத்தண்ணீர் கூரையில் தேங்காமல், எண்ணெய்க்குள்ளே போகும் மடக்குக் குழாய் வழியாக வெளியே இறங்க வேண்டும். அந்தக் குழாய் அடைத்தால் கூரை ஒருபக்கம் சாயும். கவனிக்காமல் விட்டால் அமிழ்ந்தும் போகும். ஆக, இரவு முறைக்காரன் மழைக்குப் பிறகு தாங்கியின் படியேறிக் கூரையை எட்டிப் பார்ப்பது வெறும் சடங்கு அல்ல. தாங்கியைச் சுற்றி மண் அணை கட்டியிருப்பார்கள்; பெரிய தாங்கி உடைந்தாலும் அதிலுள்ளது முழுவதும், அதற்கு மேல் பத்து வீதமும் அடங்கும்படி கட்டுவது பொது விதி.

கப்பல் வெறுமையாக வரும். அதாவது எண்ணெய்க்குப் பதில் பாரத்துக்காகக் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். துறைமுக வழிகாட்டி ஏறுவார், இழுவைப் படகுகள் கூடவே வரும், இறங்குதுறையில் கட்டுவார்கள். குழாயைப் பொருத்துமுன் கப்பல் அதிகாரியும் கரை அதிகாரியும் உட்கார்ந்து ஒரு நீண்ட சரிபார்ப்புப் பட்டியலில் கையெழுத்திட வேண்டும். எவ்வளவு வேகத்தில் ஏற்றுவது, யார் நிறுத்தச் சொல்வது, எந்த வானொலி அலைவரிசை, அது செத்தால் மாற்று என்ன, வால்வு மூட எத்தனை செக்கன் ஆகும், எல்லாம் எழுத்தில். கப்பல் தொட்டிகளில் எரியாத வாயுவை நிரப்பியிருக்க வேண்டும். உள்ளே ஒட்சிசன் 8 வீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். 11 வீதத்துக்குக் கீழே எண்ணெய் ஆவி பற்றாது. மிச்சம் மூன்று வீதம் பாதுகாப்புக்கு விடப்பட்ட இடைவெளி.

ஏற்றும் குழாய் வளையும் ரப்பர்க் குழாய் என்று எழுதிவிடாதீர்கள். அது இறங்குதுறையில் நிற்கும், மூட்டுகள் சுழலும் பெரிய இரும்புக் கை. எதிர்ப்பாரத்தோடு சமன் செய்யப்பட்டிருப்பதால் திரவ அமுக்கத்தால் அதை மெதுவாக நகர்த்திக் கப்பலின் வாயில் பொருத்துவார்கள். அதன் ஒரு மூட்டில் மின்சாரம் கடத்தாத வளையம் இருக்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே மெல்லிய மின்னோட்டம் ஓடினால், கழற்றும் நேரத்தில் பொறி பறக்கும், அதைத் தடுக்கத்தான்.

தொடக்கம் மிக மெதுவாக. தொட்டியின் அடியிலுள்ள குழாய் வாய் மூழ்கும்வரை எண்ணெயின் வேகம் செக்கனுக்கு ஒரு மீற்றருக்கு மேல் போகக் கூடாது. வேகமாகப் பீறிட்டால் எண்ணெயில் நிலைமின் ஏற்றம் சேரும். தண்ணீர் கலந்திருந்தால் இன்னும் மோசம். இந்த நேரத்தில் கசிவு உண்டா, எண்ணெய் சரியான தொட்டிக்குத்தான் போகிறதா என்றும் பார்த்துக்கொள்வார்கள். எல்லாம் சரி என்றால் படிப்படியாகக் கூட்டுவார்கள். மணிக்கு 10,000 கனமீற்றர் என்பது பெரிய துறைகளில் சாதாரணம். நிமிடத்துக்கு ஐந்து பவுசர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்ற ஏற்றக் கப்பல் தாழும். அதே நேரத்தில் கப்பல் பாரநீரை வெளியேற்றும். பழைய கப்பல்களில் பாரநீரும் எண்ணெயும் ஒரே தொட்டியில் மாறிமாறி இருந்ததால் அந்த நீர் அழுக்காக வரும். அதைக் கடலில் விடாமல் சுத்திகரிக்கவே சல்லம் வோவில் தனி ஆலை கட்டினார்கள். கடைசியில் மறுபடி வேகத்தைக் குறைத்து ஒவ்வொரு தொட்டியாக நிரப்புவார்கள். 98 வீதத்துக்கு மேல் நிரப்புவதில்லை. சூடேறினால் எண்ணெய் விரியும். பிறகு தொட்டியில் எண்ணெய்க்கு மேலே மிஞ்சும் வெற்றிட உயரத்தை அளந்து, வெப்பநிலை பார்த்து, மாதிரி எடுத்து, கணக்கை ஒப்பிட்டு, கப்பற் சரக்குச் சீட்டில் கையெழுத்து. வந்து கட்டியதிலிருந்து புறப்படும்வரை ஏறத்தாழ ஒரு நாள்.

எங்கே பிசகும் என்று கேட்டீர்கள். சினிமாவில் வருவதுபோல சிகரெட்டால் வெடிப்பது அரிது. வாசலிலேயே தீப்பெட்டியையும் சாதாரண கைத்தொலைபேசியையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உண்மையில் அடிக்கடி தொல்லை தருவது கயிறு. கப்பல் தாழத் தாழக் கட்டிய கயிறுகள் தளரும்; காவலில் இருப்பவன் தூங்கிப்போனால் கப்பல் துறையை விட்டு விலகத் தொடங்கும். இரும்புக் கை எட்டக்கூடிய எல்லை தாண்டுமுன் எச்சரிக்கை மணி அடிக்கும். அதற்கும் அசையாவிட்டால் கையின் நுனியிலுள்ள இரட்டை வால்வு மூடி, நடுவே தானாகக் கழன்றுகொள்ளும். அப்படிக் கழன்ற இரவுக்கு மறுநாள் விசாரணை நிச்சயம்.

அடுத்தது அமுக்க அலை. பயந்துபோன கப்பல்காரன் தன் பக்க வால்வைச் சட்டென்று மூடினால், குழாய் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய் முட்டி நிற்கும். அதன் அதிர்ச்சி செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் கணக்கில் பின்னோக்கிப் பாய்ந்து, பலவீனமான மூட்டை உடைக்கும். ஆகவே முதலில் கரைப் பம்பு நிற்க வேண்டும், பிறகே கப்பல் வால்வு. புதியவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. உங்கள் கதையில் ஒரு நெருக்கடி வேண்டுமென்றால் இந்த வரிசை மாறுவதை வைக்கலாம்.

மூன்றாவது ஐதரசன் சல்பைட்டு. பிரெண்ட் எண்ணெயில் கந்தகம் குறைவு; ஆனாலும் மூடிய இடத்தில் ஆவி சேர்ந்தால் நம்பக் கூடாது. மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம். பத்து லட்சத்தில் நூறு பங்கு ஆனதும் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. எழுநூறு ஆயிரம் என்று போனால் இரண்டு மூச்சில் ஆள் விழுவான். "நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை" என்று ஒருவன் நினைப்பதுதான் சாவுக்கு வழி. விழுந்தவனைத் தூக்கப் பாய்ந்தவனும் விழுவது இந்தத் தொழிலில் பழைய சோகம். அதனால்தான் சட்டைப் பையில் சிறு கருவி மாட்டியிருப்பார்கள்; அது கீச்சிட்டால் கேள்வி கேட்காமல் காற்றுக்கு எதிர்த்திசையாக விலக வேண்டும்.

நடந்த விபத்து ஒன்றைச் சொல்கிறேன். 1978 டிசம்பர் 30. துறை இயங்கத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எஸ்ஸோ பெர்னீசியா என்ற டேங்கரை மூன்று இழுவைப் படகுகள் கரை சேர்த்துக்கொண்டிருந்தன. ஒரு படகில் திரவ அமுக்கக் குழாயின் இணைப்பு விட்டு, எண்ணெய் பீறிட்டுத் தீப்பிடித்தது. அது கயிற்றை விட்டது. மற்ற இரண்டால் கப்பலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. கப்பல் துறையில் மோதி அதன் எரிபொருள் தொட்டி கிழிந்தது. ஏறத்தாழ 1,170 தொன் கெட்டியான உலை எண்ணெய் வோவில் கலந்தது. ஏறத்தாழ 3,700 பறவைகள் செத்தன. கரையில் கடற்பாசி மேய்ந்த செம்மறிகளும் தப்பவில்லை. அதற்கான நட்டஈட்டு வழக்கு, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபைவரை போனது. ஏற்றவந்த மசகெண்ணெயில் ஒரு துளியும் சிந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சின்ன இணைப்புத்தான் காரணம்.

இப்போது பேய் பிசாசு. ஷெட்லாந்துக்காரருக்கு இந்த விஷயத்தில் பஞ்சமே இல்லை. உங்களுக்கு முதலில் வேண்டியது நியுக்கிள். ஓடையிலும் குளத்திலும் வாழும் குதிரை வடிவப் பிராணி. பார்ப்பதற்கு அந்தத் தீவுகளின் சிறு குதிரை போலவே அழகாக நிற்கும். ஏறி உட்கார்ந்தால் தண்ணீருக்குள் பாய்ந்துவிடும். அடையாளம் அதன் வால்: சக்கர விளிம்பு போல வளைந்திருக்கும், ஏமாற்ற நினைக்கும்போது அதைக் கால்களுக்கு இடையே ஒளித்துக்கொள்ளும். அதன் பெரிய குறும்பு தண்ணீர் ஆலைகளில்தான். ஷெட்லாந்தில் ஓடைக்கு மேலே குனிந்து நுழையும் அளவு கல் குடில் கட்டி, கீழே படுக்கைவாட்டில் ஒரு சக்கரம் வைத்து, முன்பு சில குடும்பங்கள் சேர்ந்து தானியம் அரைத்தார்கள். திடீரென்று சக்கரம் நின்றால் நியுக்கிள் பிடித்துவிட்டது என்று பொருள். எரியும் சதுப்புக் கரிக்கட்டி ஒன்றை மேலிருந்து துவாரத்தின் வழியாகக் கீழே போட்டால் விட்டுவிட்டு ஓடும்.

நம் பக்கத்தைச் சொல்லத் தேவையில்லை. தொடக்ககாலத் தேயிலை ஸ்டோர்கள் பலவும் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடியவை. ரோதைக்குள் கை போகாமல், பட்டி அறுந்து ஆளை அடிக்காமல் காப்பதற்கு அங்கே ஒரு முனியை இருத்திப் பூசை போட்டார்கள். தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துச்சாமி வந்ததும் அதே வழியில்தான். ஒரு வேறுபாடு உண்டு, அதைக் கதையில் விட்டுவிடாதீர்கள்: நியுக்கிளைத் துரத்துவார்கள், முனியைக் கும்பிடுவார்கள். ஷெட்லாந்துக்காரன் நெருப்பை எறிகிற இடத்தில் நம்மாள் கற்பூரம் ஏற்றுகிறான்.

அடுத்தது ட்ரௌ. மேடுகளுக்குள் வாழும் குள்ள ஜாதி. இரவில்தான் வெளியே வரும். விடியுமுன் திரும்பாவிட்டால் மறுபடி பொழுது சாயும்வரை வெளியிலேயே மாட்டிக்கொள்ளும். வயலின் இசை என்றால் உயிர். வாசிப்பவனை மேட்டுக்குள் கூட்டிப்போய் ஓர் இரவு வாசிக்கவைத்து அனுப்பும். வெளியே வந்து பார்த்தால் வருஷங்கள் ஓடியிருக்கும். ட்ரௌவிடம் கேட்டுப் பிடித்த மெட்டு என்று சொல்லி இன்றும் அங்கே வாசிக்கிற மெட்டுகள் உண்டு. இரும்பு அதற்கு ஆகாது. வாசலில் கத்தியைச் செருகிவைத்தால் அண்டாது என்ற நம்பிக்கை பிள்ளைபெற்ற வீட்டில் இரும்புத்துண்டு வைக்கும் நம் ஆட்களுக்கு விளக்கம் இல்லாமலே புரியும். இரவெல்லாம் விளக்கெரியும், சுவாலை அணையாத, எங்கு திரும்பினாலும் இரும்பாக இருக்கும் ஓரிடத்துக்கு ட்ரௌ வராது என்பது கதைமரபின்படியே சரி. எண்ணெய்த் துறைக்குள் ட்ரௌ நடமாடியதாக எழுதினால் ஷெட்லாந்துக்காரன் சிரிப்பான். வேலிக்கு வெளியே, மேட்டில் வையுங்கள்.

தோலைக் கழற்றி மனிதராகும் கடல்நாய், செல்கி, எல்லோரும் எழுதித் தீர்த்த விஷயம், விட்டுவிடலாம். அதைவிடப் பயன்படுவது மீனவரின் விலக்கு. ஆறு துடுப்புப் படகில் ஆழ்கடலுக்குப் போன பழைய மீனவர்கள் கடலில் பாதிரியார், தேவாலயம், பூனை ஆகியவற்றின் பெயரை வாயில் எடுக்க மாட்டார்கள். அவற்றுக்கு வேறு சொற்கள் வைத்திருந்தார்கள். இரவில் பாம்பைப் பூச்சி என்று சொல்லி வளர்ந்த உங்கள் பையன் இதை உடனே பிடித்துக்கொள்வான். சல்லம் வோ இருக்கும் டெல்டிங் பகுதியில் 1900 டிசம்பர் 21இல் ஒரே புயலில் 22 மீனவர்கள் போனார்கள். அந்தக் கடலுக்கு அவர்கள் பயந்ததில் தப்பில்லை.

பழங்கதை மட்டும்தான் என்றில்லை, நம் காலத்துக் கதையும் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் சல்லம் வோ பறக்கும் படகு விமானங்களின் தளம். 1939 நவம்பர் 13இல் ஜெர்மன் விமானங்கள் அங்கே குண்டு போட்டன. பிரித்தானிய மண்ணில் அந்த யுத்தத்தில் விழுந்த முதல் குண்டுகள் அவை என்பார்கள். செத்தது ஒரு முயல். படம் எடுப்பதற்காகக் கசாப்புக் கடையிலிருந்து வாங்கிவந்த முயல் அது என்று இன்னொரு கூட்டம் சொல்லும். 1981இல் மகாராணி திறப்பு விழாவில் இருந்தபோதே மின்நிலையத்தில் ஐரிஷ் குடியரசுப் படையினர் வைத்த குண்டு வெடித்ததோ கதையல்ல, நடந்தது. ஆளுக்குச் சேதமில்லை. உணவறையில் பேச்சுக்கு இந்த இரண்டும் போதும்.

உங்கள் கதையின் முடிச்சு எங்கே என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். ரோதையில் பயம் கண்ணுக்குத் தெரியும். சுழல்வதைப் பார்க்கலாம், சத்தத்தைக் கேட்கலாம். எண்ணெய்த் துறையில் கொல்லுவது ஆவி, நிலைமின், மூக்கை மரக்கவைக்கும் வாயு. ஒன்றையும் பார்க்க முடியாது. அங்கே பூசையின் வேலையைச் செய்வது அனுமதிச் சீட்டு. தீப்பொறி வரக்கூடிய எந்த வேலைக்கும் சூட்டு வேலை அனுமதி எடுக்க வேண்டும்: இடம், நேரம், வாயு அளவு, தீயணைப்புக் காவல், கையெழுத்து. கற்பூரமும் சாம்பிராணியும் சுருட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஊரில் பூசை நடக்கும் நாளில் பையன் இறங்குதுறையில் நிற்கிறான், அம்மா தொலைபேசியில் "தம்பி, முனிக்கு ஒரு சூடமாவது காட்டிட்டு வேலைக்கு இறங்குய்யா" என்று சொல்லியிருக்கிறார், அவனால் முடியாது. எலுமிச்சம்பழம் வைக்கலாம்; அதற்கு அனுமதி தேவையில்லை. ஆனால் நடைபாதையில் வைக்கக் கூடாது. மிதித்து வழுக்கினால் அதுவும் ஒரு விபத்து அறிக்கை.

கடைசியாக, நேரில் ஏதாவது பார்த்துவிட்டு எழுத நினைத்தால் திருகோணமலைக்கு ரயிலில் போங்கள், சீனக்குடாவில் இறங்கலாம். அங்கிருக்கும் எண்ணெய்க் குதங்கள், அதாவது தாங்கிகள், பிரித்தானியர் காலத்தில் தங்கள் கடற்படைக்குக் கட்டியவை. 99 என்று கணக்கு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அதாவது சல்லம் வோ தாங்கியில் ஏழில் ஒரு பங்கு அளவு. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் ஒன்று அங்கே ஒரு குதத்தில் மோதியது. விமானி வேண்டுமென்றே மோதினான் என்று ஊரில் சொல்வார்கள். கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவைக் காட்டும் அதே ஊர்தான், கதை கேட்கக் குறையிருக்காது. ஆனால் அது இறக்கிச் சேமிக்கும் இடம், ஏற்றுமதித் துறையல்ல; மிதக்கும் கூரையையோ இரும்புக் கையையோ தேட வேண்டாம். மேல் தொகுதிக் குதங்கள் காட்டுக்குள் இருக்கின்றன, அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அனுமதிக்கு முன்கூட்டியே எழுதிப்போடுங்கள்.